குரலாயி கிணறும் மலர்கொடியும்

மலர்கொடி என் தம்பி பெண்டாட்டி. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு மனசு வந்ததே இந்த ஏழெட்டு வருஷமாகத்தான். நாத்தனார் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வைத்த ரசத்தையும் குறை சொல்லியிருக்கிறேன், அவள் நடையையும் குறை சொல்லியிருக்கிறேன். எதற்கும் பதில் பேச மாட்டாள். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இப்போது நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளாக் ரோடுகளில் சருகு கூட்டுகிற கான்ட்ராக்ட் பெண்களில் அவளும் ஒருத்தி. என் வீட்டுக்காரர் ஜெயராமன் பெர்மனென்ட், அதனால் எனக்குக் குவார்ட்டர்ஸ். என் தம்பி கொளஞ்சியப்பன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். அவர்களுக்கு டவுன்ஷிப்புக்கு வெளியே, ஊரைக் காலி செய்தபோது கிடைத்த மனையில் ஒரு வீடு. மலர்கொடி வேலை முடிந்ததும் என் வீட்டுக் குழாயில் முகம் கழுவி, ஒரு காபி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அந்தக் காபி நேரத்தில் எனக்குத் தெரிய வந்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊர் வேலங்குப்பம். அந்த ஊரை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. மழை பெய்தால் முழங்கால் சேறு, அவசரத்துக்கு முந்திரித் தோப்பு. குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்றைக்குக் குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடி நான் குழந்தை மாதிரி விளையாடினேன். ஆனால் ஊரில் ஒரு கிணறு இருந்தது. அதை விட்டு வந்தது மட்டும் எங்கள் வீட்டில் ஆறவில்லை.

அதற்குக் குரலாயி கிணறு என்று பெயர். திருவதிகைத் தேர் பார்க்க நடந்து போன கூட்டத்தில் ஒரு தாயும் மகளும் இருந்தார்களாம். வழியில் காட்டுக்குள் மகள் காணாமல் போனாள். தேர் தப்பிவிடும் என்று கூட்டம் போய்விட்டது. தாய் மட்டும் அங்கேயே நின்று மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டிக் குரல் போகிற நேரத்தில், அவள் காலுக்குக் கீழேயிருந்து ‘ஏம்மா’ என்று கேட்டதாம். கையாலேயே மண்ணைப் பறித்தாள். மகள் வரவில்லை, தண்ணீர் வந்தது. இது கீழத்தெருக்காரர்கள் சொல்லும் கதை.

எங்கள் தெருவில் சொல்வது வேறு. எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் பண்ணைக் கூலிகள். பண்ணைக் கிணற்றில் நாங்கள் தண்ணீர் மொள்ளக் கூடாது. தாகம் தாங்காத ஒரு பெண் குழந்தை இறங்கிக் குடித்துவிட்டது. ஏறி வர விடாமல் படியை மறித்துக்கொண்டு நின்றார்களாம், குழந்தை உள்ளேயே செத்துப்போயிற்று. அன்றைக்கே அந்தக் கிணறு கசந்தது. எங்கள் தெருக்கோடியில் தானாகத் தண்ணீர் பொங்கியது, அதிலிருந்து அந்தக் குழந்தையின் குரல் கேட்டது. எது நிஜமோ எனக்குத் தெரியாது. இரண்டு கதையிலும் பெண் திரும்பி வரவில்லை என்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கிணற்றில் தண்ணீர் மேலேயே நிற்கும். குனிந்து சொம்பால் மொள்ளலாம். தூர் வாரினால் அடியிலிருந்து கறுப்பு மண் வரும். அதைக் குரலாயி மை என்று சொல்லிப் பிள்ளைகள் நெற்றியில் வைப்பார்கள். கண் படாது, காய்ச்சல் அண்டாது என்பார்கள். அது நிலக்கரி என்று ஜெயராமன்தான் சொன்னார். “பவர் ஹவுஸ்ல எரிக்கிற சரக்க நெத்தியில வெச்சிகினு திரிஞ்சிருக்கீங்க” என்று சிரித்தார். இரண்டு நாள் அவருக்குச் சோறு போட்டேனே தவிரப் பேச்சுக் கொடுக்கவில்லை.

கல்யாணமாகாமல் செத்துப்போகிற பெண்கள் அந்தக் கிணற்றில் குரலாயியோடு இருப்பார்கள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. உடம்பைச் சுடுகாட்டில் புதைத்தாலும் எட்டாம் நாள் தாய்க்காரி போய், அவளுடைய தலை ரிப்பனையும் ஒரு மஞ்சள் கிழங்கையும் கிணற்றில் போடுவாள். “இங்க இரும்மா. வூட்ல நல்ல காரியம் வரும்போது வந்து அழைச்சிகினு போறேன்” என்று சொல்லிவிட்டு வருவாள். அந்த வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போது பம்பை அடித்துச் சாமி அழைக்கிற பம்பைக்காரரோடு போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு, அதில் அவளை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வந்துவிட்டால் பூவாடைக்காரி, வீட்டுச் சாமி. அதன் பிறகுதான் கல்யாணத்துக்கே பந்தக்கால்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அப்படி அழைக்கிறவரைக்கும் வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அம்மா கூப்பிடுகிறாள் என்று எழுந்து வந்துவிடுவாளாம். வந்தவளை வீட்டுக்குள் சேர்க்க நேரம் கூடவில்லை என்றால் தெருவில் நின்று அலைவாளாம்.

மலர்கொடிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் இசைப்பிரியா, அடுத்தவன் இனியன். எங்கள் வம்சத்தில் ப்ளஸ் டூ வரை வந்த முதல் பெண் பிரியாதான். வாய் ஓயாது. என்னையே, “அத்த, நீ வாய மூடினா கரன்ட் மிச்சமாவும்” என்பாள். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடையில் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எட்டாம் நாள் மலர்கொடி கிணற்றில் ரிப்பனைப் போட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு மூடிய வாயை, அந்தப் பெயருக்கு, ஏழு வருஷம் அவள் திறக்கவில்லை.

சொல்ல வேண்டிய இடத்தில் ‘அவ’ என்பாள். இனியனிடம் ‘உங்க அக்கா’ என்பாள். பிளாக்கில் ஒரு வீட்டில் பிரியா என்று ஒரு சின்னக் குழந்தை இருந்தது. அதை மட்டும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள். அவளோடு கூட்டுகிற இசக்கியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவளுக்கு இது பொறுக்கவில்லை. “இது என்ன கொடுமையா இருக்கு? எங்கூர்ல செத்தவுக பேரச் சொல்லிச் சொல்லில்லா அழுவோம். பேரச் சொல்லாம எப்படி அழுதா மனசு ஆறும்?” என்று என் வீட்டு வாசலில் வைத்தே கேட்டாள். மலர்கொடி, “எங்களுக்கு அப்படித்தாங்க” என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு தரம், வாய் விட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

பிரியா போன மூன்றாம் வருஷம் வேலங்குப்பத்தைக் காலி செய்தோம். சுரங்கம் அந்தப் பக்கம் வருகிறது என்று வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். அவரவர் வீட்டுப் பூவாடைக்காரியைச் செம்போடு புது மனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மலர்கொடி பம்பைக்காரர் தனகோட்டியிடம் போய், “எங்க பொண்ணையும் அழைச்சிடலாங்களா?” என்று கேட்டாள். அவர், “நல்ல காரியம் இல்லாம கன்னிய எழுப்பக் கூடாதும்மா. பையனுக்கு ஒரு கல்யாணம் வெச்சிகினு வாங்க, நானே வந்து கூப்பிட்டுத் தரேன்” என்றார். கிணறு அங்கேயேதான் இருந்தது, பாதையும் இருந்தது. இவள் வெள்ளிக்கிழமை தோறும் போய் விளக்கு வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வருவாள்.

பிறகு ஆரம்பித்தாள் பெண் தேட. இனியனும் அப்பனைப் போலச் சுரங்கத்தில் கான்ட்ராக்டுக்குச் சேர்ந்திருந்தான், அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை. வடலூர், பண்ருட்டி என்று அலையாத ஊர் இல்லை. பையன் பெர்மனென்ட்டா என்பார்கள், கான்ட்ராக்ட் என்றதும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் இனியன் அவள்மேல் எரிந்து விழுந்தான். “எனக்குக் கல்யாணம் பண்றியா, இல்ல அக்காவ அழைக்கறதுக்கு என்ன மாப்பிள்ளையாக்கறியா?” என்றான். அவள் பொய் சொல்லவில்லை. “ரெண்டுக்கும்தான்டா” என்றாள். பண்ருட்டிப் பெண் ஒருத்தி அமைந்தபோது அவன் மறு பேச்சில்லாமல் சரி என்றான். நல்ல பிள்ளை.

தை மாதம் கல்யாணம் என்று தேதி வைத்தோம். மலர்கொடி சிரித்ததை அந்த மாதத்தில்தான் பார்த்தேன். பிரியாவுக்கு என்று ஒரு மஞ்சள் புடவை எடுத்தாள். அரக்கு பார்டர். என்னிடம் காட்டி, “அவளுக்குப் புடிக்குமா அண்ணி?” என்றாள். மருமகளுக்கு எடுத்த கூறைப்புடவையைக்கூட அப்படி விரித்துக் காட்டவில்லை.

பந்தக்காலுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது எங்கள் பங்காளி வைத்திலிங்கம் பெரியப்பா செத்துப்போனார். படுக்கையில் கிடந்த மனுஷன்தான். ஆனாலும் சாக அந்த மனுஷனுக்கு வேறு வாரம் கிடைக்கவில்லையா என்று நான் பிணத்துக்கு முன்னாலேயே முணுமுணுத்தேன். பங்காளி வீட்டுச் சாவு, பதினாறாம் நாள் கருமாதி முடிகிறவரைக்கும் தீட்டு. கல்யாணம் மாசிக்குத் தள்ளிப்போயிற்று. அதுவரைக்கும் சரிதான், ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். அந்த வாரக் கடைசியில் இனியன் ஷிப்ட் முடிந்து வந்து, “அம்மா, திங்கக்கிழமையிலேர்ந்து அந்தப் பக்கம் வேலி அடைக்கறாங்க. கெணத்தாண்ட மெஷின் வருது” என்றான்.

மலர்கொடி அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. தீட்டோடு கன்னியை எழுப்பக் கூடாது, எழுப்பினாலும் தீட்டு வீட்டுக்குள் அவள் வர முடியாது. எழுப்பாமல் விட்டால் கிணறே இருக்காது. பம்பைக்காரரிடம் யோசனை கேட்கலாம் என்றால், சாவுத் தீட்டோடு அவர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, போனில் கேட்கிற விஷயமும் இல்லை. கடைசியில் கொளஞ்சியப்பன்தான் சொன்னான். “கூப்பிட்டுடுவோம். கருமாதி முடியறவரைக்கும் வாசல்ல பந்தல் போட்டு வெச்சிப்போம். நம்ம பொண்ணுதான, கோச்சிக்க மாட்டா.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். பம்பை இல்லாமலே, அவர்கள் மூன்று பேரும் நானும். செக்யூரிட்டி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “சீக்கிரம் வந்துடுங்கம்மா” என்று வழிவிட்டார். வீடுகள் இருந்த இடத்தில் மண்மேடுதான் இருந்தது. கிணற்றுச் சுவர் ஒரு பக்கம் சரிந்திருந்தது. தண்ணீர் எங்கேயோ ஆழத்தில் கிடந்தது, செம்பைக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். பெற்றவள் மட்டும் கிணற்றை எட்டிப் பார்த்துக் கூப்பிட வேண்டும், மற்றவர்கள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது முறை. நாங்கள் திரும்பி நின்றோம். தூரத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் காதில் மலர்கொடியின் குரல் விழவில்லை. மெதுவாகக் கூப்பிடுகிறாள் போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “போலாம்” என்றாள். செம்பு நிறையத் தண்ணீர், அதை மஞ்சள் புடவையால் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள்.

வாசலுக்கு வெளியே தென்னங்கீற்றில் ஒரு சின்னப் பந்தல். அதற்குள் முக்காலி போட்டுச் செம்பை வைத்தார்கள். கொளஞ்சியப்பனை அந்த நாட்களில் பார்த்திருக்க வேண்டும். அழைத்தாகிவிட்டது, இனிமேல் பெயர் சொல்லலாமே. ஷிப்ட் விட்டு வந்ததும் பந்தலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். “பிரியா, நீ பாஸாயிட்ட தெரியுமா? அப்பாதான் போய் மார்க்கு பாத்துகினு வந்தேன்.” “பிரியா, உன் தம்பிக்குப் பொண்ணு பாத்துருக்கோம், உன்ன மாதிரியே வாயாடி.” இனியனும் வேலைக்குப் போகும்போது, “அக்கா, வரேன்” என்று சொல்லிவிட்டுப் போவான். ஏழு வருஷமாக வாய் பேசாத வீடு பேசிக்கொண்டே இருந்தது. மலர்கொடி மட்டும் பந்தலில் விளக்கு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் வாயில் அந்தப் பெயர் வரவில்லை.

கருமாதிக்கு இரண்டு நாள் முன்பு என் வீட்டில் காபி குடிக்கும்போது கேட்டேன். “ஏன்டி, ஊர்ல இருக்கறவன்லாம் பேரச் சொல்றான். நீ இன்னும் ஏன் வாயில கொழுக்கட்டைய வெச்சிகினு இருக்கற?”

டம்ளரைக் கீழே வைத்தாள். “நான் கூப்புடல அண்ணி” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“கெணத்தாண்ட நின்னுகினு வாயத் தொறந்தேன். அப்ப எனக்கு அது வயசுக்கு வந்தது நெனப்பு வந்துடுச்சி. தீட்டுன்னு வெளிய குச்சு கட்டி ஒக்கார வெச்சம் இல்ல? முத நாளு பூரா ‘அம்மா, உள்ள கூட்டிகினு போ, பயமா இருக்குது’ன்னு அழுதுகினே இருந்துச்சி. நான் போவல. தீட்டுன்னு சொல்லிட்டு உள்ளயே ஒக்காந்துகினு இருந்தேன். இப்ப மறுக்கா கூப்புட்டு, தெருவுல நிக்க வெக்கணுமா? உள்ள வரக் கூடாது, தீட்டு, வாசல்லயே நில்லுன்னு எந்த வாயால சொல்லுவேன்? வெறும் தண்ணியதான் மொண்டுகினு வந்தேன்.”

“அப்ப பிரியா?” என்றேன். அந்தப் பெயரைச் சொன்னதும் நானே வாயைப் பொத்திக்கொண்டேன்.

“அங்கயேதான் இருக்குது. இப்ப அந்த எடம்கூட இல்ல” என்றாள். “அவரண்ட சொல்லிடாத அண்ணி. பொண்ணு வந்துடுச்சின்னு நெனச்சிகினு இருக்காரு. சொன்னா தாங்க மாட்டாரு.” சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், ஜெயராமனுக்குக் கேட்கக் கூடாது என்று.

மாசியில் கல்யாணம். தீட்டு கழிந்த பிறகும், நல்ல காரியத்தோடுதான் உள்ளே எடுக்க வேண்டும் என்று செம்பு பந்தலிலேயே இருந்தது. பந்தக்காலுக்கு முதல் நாள் சாயங்காலம் அதை வீட்டுக்குள் எடுத்து வைக்கத் தனகோட்டி பம்பையோடு வந்தார். பலகாரம் கொடுத்தோம். போண்டாவைப் பிட்டுக்கொண்டே, “தீட்டுன்னு ஏன் வாசல்ல பந்தல் போட்டுகினு அல்லாடுனீங்க? காடாம்புலியூர்ல ஒரு வூட்ல இதே மாதிரி ஆச்சி. செம்பக் கொண்டாந்து அத்த வூட்ல வெச்சிட்டாங்க. கட்டிக் குடுத்த பொண்ணுக்கு மூணு நாளோட தீட்டு போயிடுது. அத்த வூடு சுத்தமான வூடு. கன்னிக்கு அப்பன் வூடும் ஒண்ணு, அத்த வூடும் ஒண்ணு” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு பம்பையை எடுக்கப் போய்விட்டார்.

வைத்திலிங்கம் பெரியப்பா செத்த நாலாம் நாளே நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு சாமி விளக்கு ஏற்றியிருந்தேன். கிணற்றுக்குப் போனபோது நானும்தானே கூடப் போனேன். அழைத்து வருகிற செம்பை வழியில் வேறு வீட்டில் இறக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்த பேச்சே எங்கள் மண்டையில் இருந்தது. அத்தை வீடும் அவள் வீடுதான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மலர்கொடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அண்ணி, ஒன் வூட்ல வெச்சிகினு இருந்திருப்பியா?”

“வெச்சிருந்திருப்பேன்டி.”

“அந்தச் சின்ன ரூம்புலயா?”

“அங்கதான். ஃபேன் போட்டு வெச்சிருப்பேன்.”

தலையை ஆட்டினாள். பம்பை அடிக்க ஆரம்பித்தது. பந்தலிலிருந்து செம்பை எடுத்து வாசற்படியில் வைத்தார்கள். தனகோட்டி பாட்டை நிறுத்திவிட்டு, “தாயாரு முன்னால வாங்க. பேரச் சொல்லி மூணு தரம் உள்ள கூப்புடுங்க” என்றார்.

மலர்கொடி செம்புக்கு முன்னால் போய் நின்றாள். “பிரியா” என்றாள். ஏழு வருஷமாக அவள் சொல்லாத பெயர். யாரோ சொன்ன மாதிரி இருந்தது. இரண்டாம் தரம் கொஞ்சம் பலமாகச் சொன்னாள். மூன்றாம் தரம் செம்பை விட்டுத் தெருப் பக்கம் திரும்பிவிட்டாள். சுரங்கம் இருக்கிற பக்கம். மூன்று தரம் போதும் என்று தனகோட்டி செம்பை எடுத்துக் கொளஞ்சியப்பன் கையில் கொடுத்தார். அவள் நிறுத்தவில்லை. பிரியா, பிரியா, பிரியா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டாள். நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன், நிற்கவில்லை. சாமி வந்துவிட்டது என்று பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி கற்பூரத்தோடு ஓடி வந்தாள், ஒருத்தி மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினாள். கொளஞ்சியப்பன் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து அவள் காலில் விழுந்தான். “வந்துட்டியாம்மா, வந்துட்டியா” என்று சிரித்துக்கொண்டே அழுதான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை, கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.